டிரெட்மில் மோட்டார் தேய்ந்துவிட்டதா? கழற்றுவது முதல் மறுபடி ஓட்டுவது வரை

நடக்கத் தொடங்கினால் திணறுகிறது, பத்து நிமிடத்தில் கருகல் வாடை வருகிறது, மூடிக்குள் நீலப்பொறி தெரிகிறது. இப்படி ஒரு டிரெட்மில்லைக் காட்டினால் அநேகமாக ஒரே பதில்தான் கிடைக்கும்: மோட்டார் போய்விட்டது, புதுசு போடுங்கள். பல நேரம் அதற்கு அவசியமே இல்லை. வீட்டு டிரெட்மில்லின் டிசி மோட்டாரில் தேய்வதற்கென்றே இருக்கும் பொருள்கள், சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டான கார்பன் பிரஷ்ஷும், ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்கும்தான். இரண்டையும் மாற்ற ஆகும் செலவு புது மோட்டார் விலைக்குப் பக்கத்திலேயே வராது. ஆனால் அவை ஏன் சீக்கிரம் தேய்ந்தன என்று பார்க்காமல் விட்டால், புது மோட்டாரும் அதே வழியில்தான் போகும். பெரும்பாலும் அந்தக் காரணம் மோட்டாருக்குள் இருப்பதில்லை. காலடியில் ஓடும் பெல்ட்டுக்கும் அதன் கீழிருக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கிறது.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இருப்பவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. போர்வெல், கிணற்று மோட்டார் வைண்டிங் கடைகள் இங்கே நிறைய. அங்கே டிரெட்மில் மோட்டாரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது வழக்கம். அவர்கள் தினமும் பார்ப்பது ஏசி இண்டக்‌ஷன் மோட்டார்; அதில் பிரஷ்ஷும் கிடையாது, பிரஷ் உரசிச் சுழலும் செம்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டரும் கிடையாது. உங்கள் மோட்டாருக்கு உறவு லாரி, பஸ்ஸின் செல்ஃப் மோட்டாரும் டைனமோவும்தான். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி லாரி வேலை பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளில் ஆர்மேச்சரை, அதாவது மோட்டாருக்குள் செம்புக்கம்பி சுற்றிச் சுழலும் பகுதியை, சோதிக்கும் கிரௌலர் என்ற கருவி இருக்கும், கம்யூட்டேட்டரைக் கடைசல் பிடிக்கத் தெரிந்த கையும் இருக்கும். வீட்டில் முடியாத வேலைக்கு அங்கே போங்கள்.

மோட்டார் எந்த வகை?

முன்மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் மோட்டார் தெரியும். அதன் மேல் ஒட்டியிருக்கும் லேபிளை முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டிசி என்றும், 90, 130, 180 என்பதுபோல் ஒரு வோல்ட் அளவும், ஆம்பியர், ஆர்பிஎம், குதிரைத்திறன் ஆகியவையும் இருக்கும். குதிரைத்திறனில் ‘பீக்’ என்று போட்டிருப்பதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். தொடர்ந்து இழுக்கும் திறன் அதைவிடக் குறைவு. ஆம்பியர் எண்தான் பின்னால் உதவும்.

மோட்டாரின் ஒரு முனையில், எதிரெதிர் பக்கங்களில் இரண்டு கறுப்பு பிளாஸ்டிக் மூடிகள் இருந்தால் அவைதான் பிரஷ் மூடிகள். இந்த வழிகாட்டி அந்த வகைக்கு. மூடி எதுவும் இல்லாமல் ஒரே தடிமனில் மூன்று வயர் வந்தால் அது ஏசி மோட்டாராகவோ பிரஷ் இல்லாத வகையாகவோ இருக்கும். அங்கே பேரிங் பகுதி மட்டும் உங்களுக்குப் பொருந்தும்.

சிவப்பு, கறுப்பு வயர்களோடு மெல்லிசாக இன்னும் இரண்டு வயர் வந்தால் அது வெப்பக் கட் ஆஃப். மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானால் அது திறந்துகொண்டு மெஷினை நிறுத்தும். ஆறிய நிலையில் அந்த இரண்டு வயருக்கும் நடுவே மல்டிமீட்டர் பீப் அடிக்க வேண்டும். அடிக்கடி நிற்கிறது என்று இதை ஷார்ட் செய்துவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். வைண்டிங் எரிவதைத் தடுக்கத்தான் அது இருக்கிறது.

கை வைப்பதற்கு முன்

சேஃப்டி கீயை எடுத்தால் போதாது. பிளக்கையே சாக்கெட்டிலிருந்து உருவுங்கள். உருவிய பிறகும் கன்ட்ரோல் போர்டின் பெரிய கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். 230 வோல்ட் ஏசி, டிசியாக மாறி அதில் சுமார் 325 வோல்ட்டாக நிற்கிறது. அது உயிரையே எடுக்கும் அளவு. பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு மல்டிமீட்டரை டிசி 600 அல்லது 1000 வோல்ட்டில் வைத்து கப்பாசிட்டரின் இரண்டு காலையும் தொட்டுப் பாருங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ஹோல்டரில் மாட்டிய பழைய 60 வாட் குண்டு பல்பின் இரண்டு வயரையும், இன்சுலேஷன் உள்ள இடத்தில் பிடித்துக்கொண்டு, அந்தக் கால்களில் சில விநாடி வைத்து இறக்குங்கள். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் அடிப்பது போர்டுக்கும் கண்ணுக்கும் ஆபத்து.

கழற்றாமலே கண்டுபிடிப்பது

மோட்டாருக்கும் முன் ரோலருக்கும் நடுவே இருக்கும் வரிப் பெல்ட்டைக் கழற்றுங்கள். மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தினால் வந்துவிடும். இப்போது மெஷின் இரண்டாகப் பிரிந்துவிட்டது. கோளாறு எந்தப் பாதியில் என்று கையாலேயே தெரிந்துகொள்ளலாம்.

முதலில் நடைபெல்ட்டை ஒரு கையால் இழுங்கள். சீராக வழுக்கிப் போக வேண்டும். இழுக்கவே சிரமமாக இருந்தால், மோட்டாரைக் கொன்றுகொண்டிருப்பது இதுதான்.

அடுத்து மோட்டார். சிவப்பு, கறுப்பு வயர்களைப் போர்டிலிருந்து பிடுங்கி, ஒன்றோடொன்று படாமல் வைத்து, மோட்டார் ஷாஃப்ட்டில் மாட்டியிருக்கும் கனமான சக்கரமான ப்ளைவீலைச் சுற்றுங்கள். லேசாகச் சுற்றி, கொஞ்ச நேரம் தானே ஓடி நிற்க வேண்டும். ‘கரகர’ என்றால் பேரிங். இடையிடையே சிக்கிச் சிக்கிச் சுற்றினால் ஆர்மேச்சர் வைண்டிங்கில் ஷார்ட் இருக்கலாம், அல்லது உள்ளே காந்தம் கழன்று உரசலாம்.

இப்போது அந்த இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். நல்ல மோட்டார் சட்டென்று கனத்துவிடும். தேனுக்குள் கரண்டி விட்டுச் சுற்றுவதுபோல் இருக்கும். முழுச் சுற்றும் அந்தக் கனம் ஒரே அளவில் வந்தால் பிரஷ், கம்யூட்டேட்டர், வைண்டிங், காந்தம் நான்கும் அநேகமாக நன்றாகவே இருக்கின்றன. கனமே வரவில்லை என்றால் பிரஷ் தேய்ந்து எட்டாமல் போயிருக்கிறது அல்லது எங்கோ வயர் விட்டிருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் கனம் விட்டுப்போனால் கம்யூட்டேட்டரில் அந்தப் பட்டை எரிந்திருக்கும். காசு செலவில்லாத இந்தச் சோதனைக்கு நிகராக மீட்டர்கூட எல்லா நேரமும் சொல்லாது.

மீட்டரிலும் பாருங்கள். சேர்த்த வயர்களைப் பிரித்துவிட்டு இரண்டுக்கும் நடுவே ஓம் அளந்தால் பெரும்பாலும் 1 முதல் 5 ஓமுக்குள் வரும். ப்ளைவீலை மெல்ல மெல்ல நகர்த்தி நகர்த்திப் பாருங்கள்; எண் கொஞ்சம் ஆடும், ஆனால் திடீரென்று எகிறக் கூடாது. ஒரு வயருக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே எதுவும் காட்டக் கூடாது. 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) கிடைத்தால் 1 மெகா ஓமுக்கு மேல் இருக்க வேண்டும். மெகர் வைக்கும்போது மோட்டார் வயர் போர்டில் மாட்டியிருந்தால் போர்டு போய்விடும், கவனம். உடம்புக்குக் கசிவு காட்டினால் உடனே பயப்பட வேண்டாம். பிரஷ் தேய்ந்த கரித்தூள் உள்ளே படிந்து மின்சாரத்தைக் கடத்தும்; சுத்தம் செய்தபின் மறுபடி அளந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

ஸ்விட்ச் போட்டதும் பெல்ட் முழு வேகத்தில் பாய்கிறது என்றால் மோட்டாரைப் பிரிக்க வேண்டாம். அது போர்டில் பவர் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆன அறிகுறி. ஆனால் மேலே சொன்னபடி மோட்டாரைச் சோதிக்காமல் புது போர்டை மாட்டவும் கூடாது. ஷார்ட் ஆன ஆர்மேச்சர் புது போர்டையும் எரித்துவிடும்.

பிரஷ் மாற்றுவது

பட்டையான ஸ்க்ரூ டிரைவரால் மூடியைத் திருப்பினால் ஸ்ப்ரிங்கோடு பிரஷ் வெளியே வரும். வரும்போதே அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று மார்க்கரில் ஒரு கோடு போடுங்கள். முனை கம்யூட்டேட்டரின் வளைவுக்கேற்பக் குழிந்திருக்கும். பழைய பிரஷ்ஷைத் திருப்பிப் போட்டால் அந்தக் குழிவு மாறிப் பொறி பறக்கும்.

புதிதில் பிரஷ்ஷின் கரி நீளம் சுமார் 25 முதல் 32 மி.மீ. வரை இருக்கும். 10 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். அதற்குக் கீழே ஸ்ப்ரிங்கின் அழுத்தம் குறையும், பிரஷ் துள்ளும், ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு பொறி. அந்தப் பொறி கம்யூட்டேட்டரைத் தின்னும். நீளம் இருந்தும் ஓரம் உடைந்திருந்தாலும், ஸ்ப்ரிங் சூட்டில் நீலமாகித் தளர்ந்திருந்தாலும், உள்ளே ஓடும் செம்பு இழை அறுந்திருந்தாலும் மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

வாங்கும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. செல்ஃப் மோட்டார் கடையில் கேட்டால் அளவு சரியாக ஒரு பிரஷ்ஷைத் தேடி எடுத்துத் தருவார்கள். அதன் முகத்தில் செம்பு நிறம் மினுங்கினால் வாங்காதீர்கள். லாரி செல்ஃப் 12 அல்லது 24 வோல்ட்டில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுப்பது. அதற்காகச் செம்புத்தூள் நிறையக் கலந்து செய்த பிரஷ் அது. 180 வோல்ட் மோட்டாருக்கு அது சேராது, பொறி கூடும், கம்யூட்டேட்டரில் வரி விழும். உங்களுக்கு வேண்டியது டிரில் மெஷின், கிரைண்டர், மிக்ஸி வகையில் வரும் கறுப்புக் கார்பன் பிரஷ். பழையதைக் கையில் எடுத்துப் போய், தடிமன், அகலம் இரண்டையும் வெர்னியரில் அளந்து வாங்குங்கள். கொஞ்சம் பெரிதாகக் கிடைத்தால் கண்ணாடித் தட்டின் மேல் உப்புத்தாளை விரித்து, பிரஷ்ஷைத் தட்டையாக வைத்துத் தேய்த்துக் குறைக்கலாம். கூட்டுக்குள் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். ஆனால் லொடலொடவென்று ஆடக் கூடாது, 0.1 முதல் 0.2 மி.மீ. இடைவெளி போதும். சிறிய பிரஷ்ஷுக்கு அட்டை சொருகிச் சரிக்கட்டுவது வேண்டாம்.

மோட்டாரைத் திறப்பது

பிரஷ் மாற்றியும் பொறி நிற்கவில்லை, அல்லது பேரிங் சத்தம் என்றால் திறக்கத்தான் வேண்டும். பிரஷ் இரண்டையும் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். எடுக்காமல் ஆர்மேச்சரை உருவினால் பிரஷ் நொறுங்கும்.

ப்ளைவீல் பல மோட்டார்களில் இடது மரையில் இருக்கும். வழக்கமான பக்கம் திருப்பித் திருப்பி ஷாஃப்ட்டை வளைத்தவர்கள் உண்டு. மரை எந்தப் பக்கம் என்று வெளியே தெரியும் மரைக்கோடுகளின் சாய்வைப் பார்த்துவிட்டுத் திருப்புங்கள். இரண்டு முனை மூடிக்கும் நடு உருளைக்கும் குறுக்கே சென்டர் பஞ்சால் குறி போடுங்கள், ஒரு மூடிக்கு ஒரு புள்ளி, மற்றதற்கு இரண்டு. உருளை திரும்பி உட்கார்ந்தால் காந்தங்களுக்கும் பிரஷ்ஷுக்கும் உள்ள கோணம் மாறி, புது பிரஷ் போட்டும் பொறி வரும். பிறகு நீளப் போல்ட்டுகளைக் கழற்றி மரச்சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள்.

உருளைக்குள் ஒட்டியிருக்கும் காந்தங்கள் ஆர்மேச்சரைப் பலமாக இழுக்கும். விரல் நசுங்கும், கவனமாக நேராக உருவுங்கள். காந்தங்கள் பீங்கான் போல, தட்டினால் விரிசல் விடும். வேலை செய்யும் மேஜையில் இரும்புத்தூள் இருக்கவே கூடாது. லேத் கடைத் தரையில் உருளையைத் திறந்து வைத்தால் துகள் எல்லாம் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். ஆர்மேச்சரை மட்டும் கடைக்குக் கொண்டுபோங்கள். பேரிங் பின்னால் அலையலையான ஒரு வாஷர் இருக்கும். அது எந்தப் பக்கம் இருந்தது என்று போட்டோ எடுங்கள். அதை விட்டுவிட்டால் ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடும்.

கம்யூட்டேட்டர்

நன்றாக ஓடிய கம்யூட்டேட்டர் பளபளவென்று இருக்காது. மெல்லிய சாக்லேட் நிறப் படலம் இருக்கும். அது பிரஷ் தேயாமல் காக்கும் படலம்; அழுக்கு என்று நினைத்துத் தேய்க்காதீர்கள். சுற்றிலும் ஒரே நிறம் என்றால் துணியால் துடைத்துவிட்டு விட்டுவிடலாம்.

கறுத்திருந்தால் 600 நம்பர் உப்புத்தாளை ஒரு பட்டையாகக் கிழித்து, ஆர்மேச்சரைச் சுற்றியபடி சீராகத் தேய்க்கவும். கறுப்பு எமரித் துணி வேண்டாம். அதன் துகள் செம்பில் பதிந்து பிரஷ்ஷை அரம்போல் தின்றுவிடும். நகம் தட்டுகிற அளவுக்கு வரிப்பள்ளம் இருந்தால் லேத்தில் கடைசல் பிடிக்க வேண்டும். ஒரு தடவைக்கு 0.1 மி.மீ. எடுத்தால் போதும், வட்டம் வந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். செம்பு கொஞ்சம்தான் இருக்கிறது.

கடைசலுக்குப் பிறகு விட்டுப்போகிற வேலை, செம்புப் பட்டைகளுக்கு நடுவே இன்சுலேஷனாக இருக்கும் மைக்காவைத் தாழ்த்துவது. மைக்கா செம்பைவிட மெதுவாகத் தேயும். சமமாக விட்டால் சில வாரத்தில் அது மேலெழுந்து நின்று பிரஷ்ஷைத் தூக்கித் தூக்கிப் போடும். ஹாக்ஸா பிளேடின் பல்லைப் பக்கவாட்டில் தேய்த்து மெல்லிதாக்கி, ஒவ்வொரு இடுக்கிலும் 0.5 முதல் 0.8 மி.மீ. ஆழம் கீறவும். ஓரங்களில் நிற்கும் பிசிறை எடுத்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தூளைத் தட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். பெட்ரோல் வேண்டாம், இன்சுலேஷன் வார்னிஷும் கெடும், தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. தூள் ஊதும்போது முகக்கவசம் போடுங்கள்.

இப்போது பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளுக்கு நடுவே ஓம் அளந்துகொண்டே சுற்றி வரவும். எல்லா ஜோடியும் ஏறக்குறைய ஒரே எண் காட்ட வேண்டும். ஒரு ஜோடி மட்டும் கூடினால் வயர் விட்டிருக்கிறது. கம்யூட்டேட்டர் காலில் பற்று விட்டிருந்தால் சாலிடர் வைத்துக் காப்பாற்றலாம். ஒரு ஜோடி மிகக் குறைந்தால் ஷார்ட். மீட்டரில் சந்தேகமாக இருந்தால் கிரௌலரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஷார்ட் உள்ள காடியின் மேல் வைத்த ஹாக்ஸா பிளேடு அதிரும்.

ஷார்ட் உறுதியானால், வார்னிஷ் முழுக்கக் கருகியிருந்தால், ரீவைண்டிங்குக்குப் போக வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இந்த மோட்டார் நிமிடத்துக்கு நான்காயிரம் சுற்று அளவில் ஓடுவது. சுற்றிய பின் பேலன்ஸ் பார்க்காத ஆர்மேச்சர் அதிர்ந்து அதிர்ந்து புது பேரிங்கையும் கெடுக்கும். பேலன்ஸ் செய்து தரும் இடம் கையில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். இல்லையென்றால் லேபிளில் உள்ள வோல்ட், ஆம்பியர், ஆர்பிஎம், சுழலும் திசை, போல்ட் துளைகளின் இடைவெளி எல்லாம் ஒத்த வேறு மோட்டார் தேடுவது நல்லது.

பேரிங்

நம்பர் பேரிங்கின் மூடியிலேயே இருக்கும். 6201, 6202, 6203 ஆகியவை இந்த மோட்டார்களில் சகஜம். 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மி.மீ.; 6202 என்றால் 15, 35, 11. முன்பக்கமும் பின்பக்கமும் வேறு வேறு நம்பராக இருக்கலாம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ள 2ஆர்எஸ் வகையைக் கேளுங்கள். ஆடிக்காற்றில் ஜன்னல் வழியே வரும் புழுதிக்கு இரும்பு மூடியைவிட அது தாங்கும்.

பழையதை இரண்டு கால் புல்லரால் இழுங்கள். புதியதை ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும். ஷாஃப்ட்டுக்குச் சரியான விட்டத்தில் ஒரு துண்டுக் குழாயை உள்வளையத்தின் மேல் வைத்துத் தட்டுங்கள். வெளிவளையத்தில் சுத்தியல் பட்டால் உள்ளிருக்கும் குண்டுகள் தடம் பதித்துவிடும். புது பேரிங் முதல் நாளே இரைகிறது என்றால் காரணம் அநேகமாக இதுதான். மூடிக்குள் பேரிங் விரலால் சுற்றுகிற அளவு தளர்ந்திருந்தால் பேரிங்கை மாற்றிப் பயனில்லை, கூடு தேய்ந்திருக்கிறது. லேத்தில் கடைந்து புஷ் (உள்வளையம் போன்ற குழாய்த் துண்டு) போட வேண்டும்.

காந்தம் கழன்றிருந்தால் சூடு தாங்கும் எபாக்ஸியால் பழைய இடத்திலேயே, வடக்கு தெற்கு மாறாமல் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். காந்தம் வலுவிழந்தால் மோட்டார் வெறுமனே வேகமாக ஓடும், ஆள் ஏறினால் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகும். அதற்கு வீட்டில் மருந்தில்லை.

மூடிய பிறகு

குறிகளைச் சேர்த்து, போல்ட்டை மாறி மாறி இறுக்கி, கடைசியில் பிரஷ் போடுங்கள். மெயின்ஸில் மாட்டாமல் 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பைக் பேட்டரி போதும். 180 வோல்ட் மோட்டார் 12 வோல்ட்டில் தன் வேகத்தில் பதினைந்தில் ஒரு பங்கு அளவே ஓடும், அதிராமல் ஓட வேண்டும். மோட்டாரை அசையாமல் கட்டிவைத்து, ஒரு மணி நேரம் இப்படியே விட்டால் புது பிரஷ் வளைவுக்குப் படியத் தொடங்கும். நேரே மெஷினில் மாட்டி வேகமாக ஓடினால், ஓரம் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் பிரஷ் முழு ஆம்பியரையும் அந்த ஓரத்திலேயே வாங்கும்.

வரிப் பெல்ட் இல்லாமல் மெஷினின் ஸ்விட்ச்சைப் போட்டுச் சோதிப்பது ஆபத்து. வேக சென்சார் ரோலரில் இருக்கும் மாடல்களில், ரோலர் சுற்றவில்லை என்று போர்டு மோட்டாரை மேலும் மேலும் விரட்டும்.

மாட்டும்போது மோட்டார் புல்லியும் ரோலர் புல்லியும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று ஒரு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். வரிப் பெல்ட்டை வீணைத் தந்தி அளவுக்கு இறுக்க வேண்டாம். வழுக்காத அளவு போதும். அதிகம் இறுக்கினால் சுமை முழுக்க முன் பேரிங்கில் விழும்.

மறுபடி தேயாமல் இருக்க

நடைபெல்ட்டைத் தூக்கி அடியில் கைவிட்டுப் பாருங்கள். பலகை வறண்டு சொரசொரப்பாக இருந்தால் சுத்தமான சிலிக்கான் ஆயில் 30 மி.லி., பக்கத்துக்குப் பாதியாக, உள்ளே வளைத்து வளைத்து விட்டு, 3 கி.மீ. வேகத்தில் ஐந்து நிமிடம் நடங்கள். தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் கூடாது. பெல்ட் ஊதிப்போகும், புழுதி அப்பும். பலகையில் மெழுகு பூசிய மாடல்களுக்கு ஆயில் வேண்டாம் என்று கையேட்டில் இருக்கும், பார்த்துச் செய்யுங்கள். பெல்ட்டின் நடு ஓரத்தைத் தூக்கினால் 5 முதல் 7 செ.மீ. எழும்ப வேண்டும், அதைவிடக் குறைந்தால் பின் போல்ட்டுகளை இரண்டு பக்கமும் சமமாகக் கால் சுற்றுத் தளர்த்துங்கள்.

டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் மோட்டாரின் ஒரு வயரில் மாட்டி, ஆள் நடக்கும்போது பாருங்கள். லேபிளில் உள்ள ஆம்பியரைத் தாண்டினால் உரசல் இன்னும் தீரவில்லை. ஆயில் விட்டதற்கு முன்னும் பின்னும் அளந்தால் எண் இறங்குவது கண்ணுக்குத் தெரியும்.

அடுத்து இடம். மொட்டைமாடியில் தகர ஷீட்டின் கீழே டிரெட்மில் வைத்திருக்கும் வீடுகள் இங்கே அதிகம். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் சித்திரை, வைகாசியில் ஷீட்டின் கீழ் சூடு அதற்கும் மேல். மோட்டாரைக் குளிர்விப்பது அந்தச் சூட்டுக் காற்றுதான். மெஷினைக் கீழே இறக்குங்கள். முடியாவிட்டால் அந்த இரண்டு மாதமும் விடிகாலையில் மட்டும் ஓடுங்கள்.

சாக்கெட் 16 ஆம்பியர், 2.5 சதுர மி.மீ. வயர், சரியான எர்த். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். மாலையில் லோ வோல்டேஜ் வரும் தெருவில் அதே வேகத்துக்கு மெஷின் அதிக மின்னோட்டம் இழுத்து போர்டைச் சூடாக்கும். பிரிட்ஜுக்கு வாங்கிய ஸ்டெபிலைசர் இந்தச் சுமைக்குப் போதாது. வீட்டு இன்வெர்ட்டர் லைனில் டிரெட்மில்லை மாட்டவே கூடாது.

புது பிரஷ் போட்டு பத்து மணி நேரம் ஓடியதும் ஒருமுறை மூடியைத் திறந்து இரண்டையும் எடுத்துப் பாருங்கள். முகம் முக்கால்வாசிக்கு மேல் மினுமினுப்பாகப் படிந்திருந்தால் சரி. அதற்குள் 2 மி.மீ. குறைந்திருந்தால் அநேகமாகக் கம்யூட்டேட்டரில் மைக்கா எங்கோ எழும்பி நிற்கிறது. அதே வாரத்தில் திறந்து கீறிவிடுங்கள்.